தங்க நிறப் பக்கம்

கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கிருத்திகா சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். அதே இரைச்சல், அதே இருட்டு. கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி, மருமகளின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். பழைய புராசஸர் அந்தப் பாரத்தை இழுக்கவில்லை என்று, கொழிஞ்சாம்பாறையில் நஜீமின் கம்ப்யூட்டர் கடையில் புதியது வாங்கி வந்து, காலையில் தானே மாட்டியிருந்தாள்.

ரேம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். போர்டில் இருந்த பொத்தான் பேட்டரியை எடுத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் பழைய புராசஸரையே திரும்பப் பொருத்தியதும் திரை வெளிச்சமானது. புதியதை வைத்தால் மறுபடியும் இருட்டு.

"புதுசுலதான் கோளாறாட்டம் இருக்குதுங்க மாமா."

ஆறுச்சாமிக்கு அது போதும். பெருமாட்டி ஊரில் பெயர்பெற்ற அவர் வீட்டு ஆளை ஒருவன் ஏமாற்றிவிட்டுக் கடை திறந்து உட்கார்ந்திருப்பதா? போனை எடுத்தார்.

"ஏப்பா நஜீமு, செத்த சாமானத்தப் பொட்டில போட்டு எங்கூட்டுப் புள்ள தலைல கட்டிட்டியா? உங்கப்பன் ஷுக்கூரு இப்பிடியா ஏவாரம் பண்ணுனான்? திருட்டுக் கடை!"

"ஐயா, போனு ஸ்பீக்கர்ல இருக்குதுங்க. கடைல ஆளுக இருக்காங்க."

"கேக்கட்டும். கேக்கோணும்னுதான் சொல்றேன்."

சற்று நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. நஜீம் முகம் கொடுக்காமல் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனான். புதிய புராசஸரை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். நகத்தால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டு போனான்.

"இதென்ன, சந்தனமாட்ட மணக்குது?"

ஆறுச்சாமியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. மோட்டார், டிராக்டர், மிக்ஸி, எதுவானாலும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் ஓடியதில்லை. பொம்பளைக்கு எதற்கு இந்த மெஷின் வேலை என்று முணுமுணுத்தவர்தான். ஆனாலும் காலையில் அவள் குளிக்கப் போன சமயம் புதிய புராசஸரின் பெட்டியைத் திறந்திருந்தார். ஒரு பக்கம் வெறும் தகரம் போல் எழுத்துகள். மறுபக்கம் புள்ளி புள்ளியாகத் தங்கம். எது முகம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தங்கப் பக்கத்தில் அவர் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அந்த நிறத்தோடு ஒன்றிப்போனது. அவள் தொழில் விருத்தியாகட்டும் என்று நினைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கிருத்திகா அவரைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நாந்தானுங்ண்ணா வெச்சேன். புதுச் சாமானமாச்சேன்னு..."

"இஞ்சினீயருக்குப் படிச்ச நீங்க, கரண்டு ஓடற பக்கம் பொட்டு வெப்பீங்களா? நல்லவேளை, தேங்கா ஒடைக்காம உட்டீங்க."

நஜீம் சிரித்தான். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலரவிட்டுப் பொருத்தினான். திரை ஒளிர்ந்தது. அவன் பையை மூடினான்.

"சாமானத்துல குத்தமில்லைங்க. ஆனா திருட்டுக் கடைன்னு கேட்டவிய இன்னும் அங்கயேதான் உக்காந்திருக்காங்க. நாஞ் சொன்னா நம்புவாங்களா?"

"நான் வந்து சொல்லீர்றனுங்ண்ணா. என்ற தப்புதானே," என்று எழுந்தாள் கிருத்திகா.

ஆறுச்சாமி அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. மருமகள் செருப்பைத் தேடி வாசலுக்குப் போனாள்.

"அம்மிணி, நீ உன்ற வேலையப் பாரு." ஆறுச்சாமி கொடியிலிருந்த சட்டையை எடுத்துக் கழுத்துவரை பொத்தான் போட்டார். "பொட்டு வெச்சது நானு. வண்டிய எடு நஜீமு."

"பைக்குல பின்னால உக்காந்து பழக்கமுங்களா ஐயா?"

"எடுன்னா எடு."

கடை வாசல் பெஞ்சில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கியதும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க வாங்க. என்னுங்க, மாட்டுனானா திருடன்?"

ஆறுச்சாமி உட்காரவில்லை. கடைக்கு எதிரே பொள்ளாச்சி பஸ் ஒன்று ஆள் ஏற்றியபடி உறுமிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலோடு இரைச்சலாக, யார் காதிலும் சரியாக விழாமல் சொல்லி முடித்துவிடலாம். தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த பஸ் நகர்ந்து போகட்டும் என்று அவர் நின்றிருந்தார்.