அப்பாவுக்குத் தனி வழி

தம்பி பாடுகிற நிகழ்ச்சி எதற்கும் அப்பா இப்போதெல்லாம் வருவதில்லை. காது மந்தமானதிலிருந்து, டிரம்ஸ் மட்டும்தான் நெஞ்சில் வந்து இடிக்கிறது, பாட்டில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை என்பார். அவனுடைய இசைக்குழுவுக்கு, எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அனுப்பும் மிக்சரைக் கவனித்துக்கொள்ளும் அக்காவுக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் நிகழ்ச்சிக்கு அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து, மிக்சருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"எனக்காக நீ சத்தத்தைக் கூட்டினா மத்தவங்க காது என்னத்துக்கு ஆகும்?" என்றார் அப்பா.

"ஹாலுக்குப் போறது வேற, உங்களுக்கு வர்றது வேறப்பா. தம்பி மைக் ஒண்ணுதான். ஆனா உள்ள வந்த குரலை எத்தனை பக்கம் வேணும்னாலும் பிரிச்சு அனுப்பலாம். எந்தப் பக்கம் எது எவ்வளவு போகணும்னு நான் சொன்னா இந்த மிக்சர் கேட்கும்."

காலியாகக் கிடந்த ஒரு அவுட்புட்டை, அப்பாவின் ஹெட்போனுக்கென்று, மிக்சரின் திரையில் தொட்டாள். அதில் டிரம்ஸையும் கிடாரையும் அடியோடு இறக்கிவிட்டு, தம்பியின் குரலை ஏற்றினாள். சுருதிக்காகக் கீபோர்டு கொஞ்சம்.

பாட்டு தொடங்கியது. அப்பா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். சரணம் முடிவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. இசை தணிந்து ஹாலே மூச்சைப் பிடித்துக் கேட்ட இடத்தில், தன் சத்தம் தனக்கே தெரியாமல், "பய நல்லாத்தான்டி பாடுறான்" என்று மகளிடம் உரக்கச் சொன்னார்.

ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மேடையில் தம்பி அடுத்த வரியைக் கோட்டைவிட்டான். மைக்கில் விழுந்த அவன் சிரிப்பு நேராக அப்பாவின் காதுக்குப் போனது.

"எதுக்குடி சிரிக்கிறான்?" என்று அவர் இன்னும் உரக்கக் கேட்டார்.