ஆதிமூலத்தின் கிரெடிபிலிட்டி

உப்பு அம்பாரம் கரைந்ததில் மர்மம் எதுவும் இல்லை. மழை பெய்தது, கரைந்தது. அதன்மேல் மூடியிருந்த கீற்றை முந்தின வாரமே பிரித்துக்கொண்டு போனவர் அளத்தின் முதலாளி சக்கரபாணி. உப்பள உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவரானதற்காக அவர் தமக்குத் தாமே ஒரு பாராட்டு விழா வைத்துக்கொண்டார். பந்தலுக்குக் கீற்று தேவைப்பட்டது. கோடை மழைக்கு மட்டும் அழைப்பிதழ் போகவில்லை. அது தானாகவே வந்துவிட்டது.

கரைந்த அம்பாரத்தில் சங்கத்துக்காரர்கள் சிலருடைய உப்பும் சேர்ந்திருந்ததால் விசாரணைக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் நடந்ததும் அதே பந்தலின் கீழ்தான். மேலே கீற்று அடுக்கடுக்காக இருந்தது. யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

அளத்துக் காவல்காரர் ஆதிமூலத்தைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"கீத்து எப்படிப்பா போச்சு?" என்று கேட்டார் அளத்தில் பஞ்சாயத்து பேசும் பெரியதனக்காரர் அப்பாதுரை.

"மொதலாளி வந்து பந்தலுக்கு வேணும்னாருங்க. மழ வந்தா என்னா பண்றதுன்னு கேட்டேன். சித்திரையில ஏதுடா மழைன்னாரு. பிரிச்சுக் குடுத்துட்டேன்."

சக்கரபாணி எழுந்தார். இளமையில் திண்டிவனத்தில் ஒரு வக்கீலுக்குக் கொஞ்ச காலம் கேஸ் கட்டு தூக்கியவர். அப்போது காதில் விழுந்த ஆங்கிலத்தை வீணாக்காமல் நல்ல நாளுக்கென்று சேர்த்து வைத்திருந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் ஆதிமூலம், திஸ் இஸ் எ பேஸ்லெஸ் அலிகேஷன். உங்க கிரெடிபிலிட்டியே டவுட்ஃபுல். என்னை டிஸ்கிரெடிட் பண்ணப் பாக்கறீங்க."

கூட்டம் அசந்துபோனது. ஆதிமூலம் ஓரடி பின்னால் நகர்ந்தார். இத்தனை வருஷமும் 'டேய்' என்று கூப்பிட்ட மனிதர் 'மிஸ்டர்' என்கிறார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அவர் அளத்தில் பிறந்து வளர்ந்தவர். பழி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பழி சொல்கிறவன் நாலு பேர் எதிரில் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பழிக்கு ஆளானவன் ஒரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் கடல்நீர் ஓடும் வாய்க்காலில் இறங்கி, 'நான் செஞ்சிருந்தா இந்த உப்பு மாதிரி கரைஞ்சு போறேன்' என்று நீரில் விட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க எவனுக்கும் வாய் கிடையாது.

ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்கப்பா போறே?" என்றார் அப்பாதுரை.

"சத்தியம் பண்ண."

"எதுக்கு? கீத்த நீ வித்துட்டேன்னு அவரு சொன்னாரா?"

"இல்லீங்க."

"பொய் சொல்றேன்னாரா?"

"அதத்தாங்க இங்கிலீஷ்ல..."

"எனக்குப் புரியலியே. புரியாத பழிக்கு எப்படிப்பா சத்தியம் வாங்கறது? நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? இங்கிலீஷுக்கெல்லாம் உப்பு கிடையாது. வூட்டுக்குப் போ."

ஆதிமூலம் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனார். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த கூனிமேட்டுத் தமீம் அன்சாரி அங்கே உட்கார்ந்திருந்தார்.

"பாய், கிரெடிபிலிட்டி டவுட்ஃபுல்னா என்னா பாய்?"

"யா அல்லா! யாரச் சொன்னாங்க?"

"என்னத்தான்."

தமீம் அன்சாரி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "எங்க கம்பெனில ஒரு ஆள இப்படித்தான் சொன்னானுங்க. அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு ஏத்திட்டானுங்க."

"அவன் என்னா பண்ணான்?"

"அதத்தான் இன்னிவரைக்கும் எவனும் கேக்கல."

கடையில் இருந்தவர்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, இந்தச் செய்தியை அவரவர் ஊருக்கு எடுத்துப் போனார்கள். பிரம்மதேசத்துக்கும் போனது. ஆதிமூலத்தின் மகள் சங்கீதாவை வைகாசியில் கொடுப்பதாக இருந்தது அந்த ஊரில்தான்.

பையனின் அப்பா பலராமன் நேரில் வந்தார். கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"சம்மந்தி, தப்பா நெனக்காதீங்க. திருட்டுன்னா திருட்டுன்னு சொல்லுங்க, எங்க ஊர்ல இல்லாததா? குடின்னா அதுவும் புரியுது. இது என்னா எழவுன்னே தெரியலியே! எங்க வூட்டுப் பொம்பளைங்க பயப்படறாங்க. பரம்பரையா வர்றதான்னு கேக்கறாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சம்மந்தி."

"இல்லன்னா சத்தியம் பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க. பத்திரிகை அடிச்சுடலாம்." அவர் மோரை வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

கதவுக்குப் பின்னால் சங்கீதா நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் ஆதிமூலம் வெளியேறினார்.

அளத்தில் புது அம்பாரம் எழும்பிக்கொண்டிருந்தது. சக்கரபாணி குடை நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அப்பாதுரையும் இருந்தார். நல்ல நேரம்தான். ஆதிமூலம் அம்பாரத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"மொதலாளி, ஒரே ஒரு தடவ என்னத் திருடன்னு சொல்லிடுங்க."

"வாட்?"

"தமிழ்ல சொல்லுங்க. கீத்தத் திருடி வித்துட்டான்னு இவங்க எதிர்ல சொல்லுங்க. நான் தண்ணியில எறங்கிட்டு வந்துடறேன். உங்க மேல ஒரு வார்த்த பேச மாட்டேன். பொண்ணு கல்யாணம் நிக்குது மொதலாளி."

சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சேச்சே! உங்களப் போயி நான் திருடன்னு சொல்லுவேனா? எத்தினி வருஷமா என் அளத்துல இருக்கீங்க! என் நாக்கு அழுகிடாதா?" ஆட்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, என்ன எவ்ளோ கேவலமா நெனச்சிருக்காருன்னு? நான் யார் பேரையாவது கெடுத்திருக்கேனா? சொல்லுங்கப்பா!"

முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்பாதுரை, "கேட்டுக்கினியா? அவருக்கு உம்மேல ஒண்ணுமே இல்லியாம். அப்புறம் இன்னாத்துக்குச் சத்தியம்?" என்றார்.

"அப்போ பிரம்மதேசத்துக்காரங்களுக்கு நான் என்னான்னு சொல்றதுங்க?"

"நாங்க ஒண்ணும் சொல்லலன்னு சொல்லு."

"வெயில்ல நிக்காதீங்க, மிஸ்டர் ஆதிமூலம்," என்றார் சக்கரபாணி, கனிவாக.

வாய்க்கால் பத்தடியில்தான் ஓடியது. ஆதிமூலம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நெஞ்சுக்கு நேரே மூடிப் பிடித்திருந்த கைக்குள் உப்பு வியர்வையில் கசிந்து, முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.