துரைக்குத் தெரிந்த சிவப்பு

நாய் வந்து ஒரு மாதம் ஆகியும் பந்தை எடுத்து வரவில்லை என்பது கலர்க்காரருக்குப் பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிக் கொடுப்பவர் அவர். யாராவது பெயர்ந்த சுவர்ச் சில்லைக் கொண்டுவந்து நீட்டினால், மெஷினைத் தொடாமலே அதே நிறத்தைக் கலக்கி டப்பாவில் அடைத்துவிடுவார். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை பார்த்த கண். அந்தக் கண் இருக்கிற வீட்டில் இப்படியொரு நாய்!

பந்தையும் அவர் சும்மா வாங்கிவிடவில்லை. கடை கடையாய் ஏறி இறங்கி, "இது செங்கல், இது தக்காளி" என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சுத்தமான சிவப்பில் ஒரு ரப்பர் பந்தைப் பிடித்தார். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கொல்லைப் புல்வெளியில் அதை வீசுவார். துரை ஓடும். கூப்பிட்டால் நன்றாக யோசித்துத்தான் எழுந்து வரும் என்பதால் மனைவி அதற்கு வைத்த பெயர் அது. ஓடிய துரை புல்லை மோந்து, ஒரு வட்டமடித்து, வெறும் வாயோடு திரும்பி வந்து அவர் காலின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அவரே போய்ப் பந்தை எடுத்து வருவார். சிவப்பு மங்கிவிடக் கூடாதே என்று பெயின்ட் கறை போக்கும் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு துடை துடைப்பார். தொழில் பழக்கம். மறுபடி வீசுவார்.

"யாருக்கு யாரு பழக்கிக் குடுக்கறாங்க?" என்பாள் மனைவி, துணி மடித்தபடி. "ஓடி எடுத்துட்டு வர்றது நீங்க. உட்கார்ந்து பார்க்கறது அது."

ஊசி போடப் போன இடத்தில் கால்நடை மருத்துவர், நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அதற்கு மூக்குதான் கண் என்று சொல்லிவைத்தார். கலர்க்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"தெரு முனையிலேர்ந்து தெரியற சிவப்பு! சரி, கண்ணு இல்ல. மூக்கையும் எங்கயாவது அடகு வச்சுட்டு வந்துச்சா?"

உள்ளே குடைந்தது வேறு. ஊரில் இருக்கிற நாயெல்லாம் வளர்ப்பவருக்காக ஓடி எடுத்து வருகிறது. இது தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லையே என்ற வருத்தம் அது. அந்தக் கடுப்பில், நாயை நீயே கொண்டுபோ என்று மச்சானிடம் வாயை விட்டுவிட்டார். மனைவியின் தம்பியான அவன் ஒரு கிடங்கு வைத்திருந்தான். வாசலில் கட்டிப்போட நாய் தேடிக்கொண்டிருந்தவன், ஞாயிற்றுக்கிழமை காலை சங்கிலியோடு வந்து நின்றான். சங்கிலியைப் பார்த்ததும்தான் கலர்க்காரருக்கு அவசரப்பட்டுவிட்டது உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லை எப்படி முழுங்குவது?

"ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கறேன் மச்சான். எடுத்துட்டு வந்தா இங்கயே இருக்கட்டும்."

விடுமுறை நாள். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். பந்தை ஒரு துடை துடைத்து வீசினார். துரை மோந்தது, வட்டமடித்தது, அவர் கால்வரை வந்து தயங்கியது. பிறகு வீட்டின் பக்கவாட்டில் ஓடி மறைந்தது. திரும்பி வந்தபோது, கொடியில் கிடந்த அவருடைய துவைக்காத வேலைச் சட்டை அதன் வாயிலிருந்து தரையில் புரண்டு வந்தது.

மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "கிடங்குக்கு வேணாம் மாமா, லாண்டிரில வேலைக்குச் சேர்த்துடலாம்!"

மனைவி சிரிக்கவில்லை. சட்டையை மோந்து பார்த்தாள். புல்லுக்குள் கிடந்த பந்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

"பந்தை எதுல துடைக்கறீங்க?"

"டர்பன்டைன்ல."

"வேலை முடிஞ்சு வரும்போது உங்க மேல என்ன வாசனை வரும்?"

டர்பன்டைன் டப்பாவே நடந்து வருகிற மாதிரி வருவார் என்பது தெருவுக்கே தெரியும்.

"இந்த வாசனையக் காட்டி எடுத்துட்டு வான்னா அது என்ன பண்ணும், பாவம்? புல்லுல துளியூண்டு வாசனை. இங்க ஆள் உசரத்துக்கு வாசனை. தினமும் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. உங்களத்தான்! போங்க, அந்தச் சட்டையத் தூக்கிட்டு உள்ள போங்க."

பந்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நெடி முழுதாகப் போகவில்லை. அவளே வீசினாள். கலர்க்காரர் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை பந்தைத் தாண்டியே ஓடியது. பளீரென்ற அந்தச் சிவப்பை அது பார்க்கவே இல்லை. சட்டென்று மூக்கு நின்றது, திரும்பியது, வாய் கவ்வியது. "குடு, குடு" என்று மச்சான் கையை நீட்டினான். மனைவியும் நீட்டினாள். இருவரையும் கண்டுகொள்ளாமல் படியேறி, கூடத்தைக் கடந்து, மண் காலோடு சமையலறைக்குள் வந்து, பந்தை அவர் முன்னால் போட்டது. பிறகு வழக்கம்போல அவர் காலின்மேல் உட்கார்ந்துகொண்டது.

மச்சான் சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டான். மனைவி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு?"

"டர்பன்டைன் நெடி," என்றார் கலர்க்காரர், கையிலிருந்த சட்டையைக் காட்டி. காலை மட்டும் அசைக்கவில்லை.