ஏழாம் எண் ஊசி

பழைய ரப்பர் பலகையில் துளைகள் தளர்ந்துவிட்டன என்று புதுப் பலகை வாங்கி, பன்னிரண்டு ஊசிகளையும் ஒவ்வொன்றாக அதில் குத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் எண் இறங்கவில்லை. அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிக்கு முனை இல்லை. அரை அரிசி நீளம் காணாமல் போயிருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு தூசியும் புகக் கூடாத கூடத்தில், தொலைநோக்கி நின்றது. நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி வந்து அதை ஏவுதளத்துக்குக் கொண்டுபோகும். நிலாவையும் தாண்டிப் போய் நின்று, அணைந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களின் கடைசிச் சூட்டைப் பார்க்கப்போகிற கருவி. மற்றவர்களின் சூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் தன் உடம்பு குளிர்ந்திருக்க வேண்டுமாம். அதற்காக வெங்காயத் தோலைவிட மெல்லிய வெள்ளித் தாள்களை இருபது அடுக்கு சேர்த்துப் போர்வை தைத்துப் போர்த்துவோம். வளைவுகளில் இயந்திரம் போகாது. கைதான் போகும். எட்டு வருடம் பள்ளிச் சீருடை தைத்த கை என்னுடையது. படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற இடத்தில் என்னைக் கூப்பிட்டதற்கு அந்தக் கைதான் காரணம். இந்த வேலைக்காகப் பவுடர், மை, தலைக்கு எண்ணெய் எல்லாவற்றையும் விட்டு மூன்று வருடமாகிறது. எங்கே போனாலும் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

முனை எப்போது போனது என்று யோசித்தேன். நேற்றுக் கடைசித் தையலில்தான் இருக்க வேண்டும். தொலைநோக்கியின் கண்ணாடியை மூடும் மூடியின் கீல் ஓரம், கை சரியாக நுழையாத இடம். இரண்டு கையுறை போட்டிருந்ததால் ஒடிந்தது தெரியவில்லை. இழுத்து முடித்து, ஊசியைப் பழைய துளையில் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தப்பு என்னுடையது. அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

ஆனால் ஊசிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் என் அண்ணி. இங்கே அவர்தான் தரப் பரிசோதகர். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஒடிந்த ஊசியை உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"பன்னெண்டும் இருந்துச்சே. எண்ணித்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"காதைத்தான் எண்ணினீங்க அண்ணி. முனை எல்லாம் ரப்பருக்குள்ள புதைஞ்சு இருந்துச்சு. நானும் பாக்கல, நீங்களும் பாக்கல."

அண்ணி கதவைச் சாத்தினார். "யாருக்கும் தெரியாதுல்ல? அப்புறம் எதுக்கு சும்மா கெடக்குற சங்கை ஊதற? உங்கண்ணன் வேலை போய் எட்டு மாசமா வீட்டுல உக்காந்திருக்காரு. இப்ப என் வேலையும் போகணுமா? உன்ன இங்க கொண்டாந்து சேத்ததுக்கு நல்லா செஞ்சுட்ட."

ஊசிக்கு முனை போனாலும் அந்தச் சொல்லுக்கு முனை இருந்தது. வெளியே வந்தேன். அழுகை வந்தது. அழுதால் கூடத்துக்குள் விடமாட்டார்கள், அதனால் அடக்கிக்கொண்டேன்.

மேலாளரை நாங்கள் காலண்டர் என்போம். வணக்கம் சொன்னால் தேதி சொல்வார். நேரே அவரிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேசையில் இருந்த தாளை என் பக்கம் தள்ளினார். 'உள்ளே போனவை அனைத்தும் வெளியே வந்தன' என்று அச்சடித்த தாள். கீழே அண்ணியின் கையெழுத்து இருந்தது. என் இடம் காலி.

"தூசி உறிஞ்சுற மெஷின் போட்டாச்சு. அதுல போயிருக்கும்மா."

"அந்தப் பையக் கொட்டிப் பாத்துட்டுதான் சார் வரேன். அதுல இல்ல."

"ஊசி முனையளவு விஷயம் இது."

"அளவு சரியாத்தான் சார் சொல்றீங்க."

அவர் சிரிக்கவில்லை. "போர்வையப் பிரிச்சு மறுபடி தைக்க ஆறு நாள். பத்து வருஷ வேலை, முந்நூறு பேரு. உன் ஒருத்திக்காக வண்டி நிக்கணுமா?"

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. தரையில் இருக்கும்வரை விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கும். மேலே போனால் கீழே என்று ஒன்றே கிடையாது. அந்த அரை அரிசி இஷ்டத்துக்கு மிதந்து அலையும். கீலுக்குள் போய் உட்கார்ந்தால் மூடி திறக்காது. மூடி திறக்காவிட்டால் பத்து வருடமும் முந்நூறு பேரும் சேர்ந்து குருடு ஒன்றை வானத்துக்கு அனுப்பியதாக முடியும். நடுவழியில் பேருந்து நின்றால் இறங்கிப் பார்க்கலாம். அங்கே யார் இறங்கிப் பார்ப்பது?

"எனக்காக நிக்க வேணாம் சார். கீலுக்காக நிக்கட்டும்."

"உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"நல்லா இருக்கு."

பேனாவை நீட்டினார். வாங்கினேன். அவர் முகம் தளர்ந்தது. அச்சடித்த வரிக்கு நேர்கீழே, பெரிய எழுத்தில், 'ஏழாம் எண் ஊசியின் முனை வெளியே வரவில்லை' என்று எழுதி முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கிழித்தால் கிழித்த தாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இந்த விதிகளை எழுதியவரே காலண்டர்தான். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் வண்டிக்காரருக்குத் தொலைபேசி செய்து நாளைக்கு வர வேண்டாம் என்றார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மதியம் வெள்ளை உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனேன். நல்ல போர்வை, நானே தைத்தது. ஓரத்திலிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டு போனால்தான் கீலை எட்ட முடியும். முதல் தையலை வெட்டினேன். காந்தத்தைக் கொண்டுவந்தால் சுலபமாகக் கிடைத்துவிடும், ஆனால் உள்ளே இருக்கிற கருவிகளுக்குக் காந்தம் ஆகாது. கண்தான் கதி. ஒரு மடிப்பைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்து, ஒதுக்கி, அடுத்த மடிப்பு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும். இதைத் தைத்ததும் நான், பிரிப்பதும் நான். யாருக்கும் தலைகுனிய மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

மூன்றாம் வரிசைத் தையலைப் பிரித்து முடிக்கிற நேரம் கதவு திறந்தது. உள்ளே வந்த உருவத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அழுது வீங்கி, தண்ணீர் விட்டுக் கழுவிய கண். அண்ணி எதிரே வந்து முழங்காலிட்டார்.

"எங்க வரைக்கும் வந்திருக்க?"

"கீலுக்கு இன்னும் ரெண்டு மடிப்பு இருக்கு அண்ணி."

"நானும் எழுதிட்டேன். உன் வரிக்குக் கீழ. முனையைப் பார்க்கவில்லைன்னு." கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உங்கண்ணன்கிட்ட நீயே சொல்லிக்க."

என் கையிலிருந்த விளக்கை வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். நான் மடிப்பைத் திறந்தேன். ஓரத்தில் ஏதோ மின்னியது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். விளக்கு லேசாக அசைய, அதற்குப் பக்கத்திலும் மின்னியது, அதற்கு அப்பாலும். இருபது அடுக்கு வெள்ளித் தாளும் எங்களைப் பார்த்து மின்னிக்கொண்டிருந்தது. அதில் எது ஊசி முனை என்று தெரியவில்லை. அண்ணி விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்.