திறந்து கிடந்த படல்

ஊசி போட்டு ஒன்பது நாளும் பன்னிரண்டு மணி நேரமும் ஆகியிருந்தது. கிளாரா வேண்டுமென்றே கணக்கு வைக்கவில்லை. காலையில் கோழிக் கூண்டின் கதவைத் தூக்கும்போது அந்தக் கணக்கு தானாக வந்து நின்றது. நாற்பத்தொரு கோழிகளும் ஒவ்வொன்றாகக் குனிந்து வெளியே வந்தன. கழுத்தைப் பார்த்தாள். இறக்கை தொங்குகிறதா என்று பார்த்தாள். கூண்டுத் தரையில் எச்சத்தின் நிறத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நாளைக்கும் சரியாக இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மண்ணூரில் ஏரிக்கரையை ஒட்டி ஒன்றரை ஏக்கர். ஒரு கிணறு, ஒரு பசு, ஐந்து ஆடு, இந்தக் கோழிகள். சுற்றிலும் முள்வேலி. உள்ளே வரவும் வெளியே போகவும் இருந்த ஒரே வழி மூங்கில் படல்.

கோழிகள் அம்மா அன்னபுஷ்பத்தின் சீதனம். கல்யாணத்தன்று மூன்று பெட்டையும் ஒரு சேவலும் கூடையில் வைத்துக் கூடவே அனுப்பினார்களாம். நீண்ட கால், சின்னக் கொண்டை, கீரி நிறம். இருபத்திரண்டு வருஷமாக வேறு இனம் கலக்காமல் பெருகியவை. "உங்கப்பா என்னைப் பாக்க வந்தப்போ மொதல்ல சேவலைத்தான் பாத்தாரு" என்று அம்மா சொல்லுவாள். அப்பா மைக்கேல்ராஜ் மறுக்க மாட்டார்.

சுற்று ஊர்களில் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் என்று காதில் விழுந்தால் போதும், அப்பா படலைச் சாத்திவிடுவார். யாரும் உள்ளே வரக்கூடாது. வந்தே ஆகவேண்டும் என்றால் படலோரம் இருக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் வாளியில் காலை நனைத்துவிட்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகமாட்டார். "கோழிக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்து வெச்சிருக்கியா மைக்கேலு?" என்று சாமியார் ஒருமுறை ஆள் அனுப்பிக் கேட்டார். அதற்கும் படல் திறக்கவில்லை.

அப்படி இருந்தும் முந்தாம் வருஷம் கழிச்சல் உள்ளே வந்துவிட்டது. காக்கையும் குருவியும் சுண்ணாம்பில் கால் நனைத்துவிட்டு வருவதில்லை. எண்பதில் பன்னிரண்டுதான் மிஞ்சின. அந்தப் பன்னிரண்டிலிருந்து வந்தவைதான் இந்த நாற்பத்தொன்று.

அந்த வருஷம் கிளாரா விலங்கியல் பட்டப்படிப்பில் கடைசி வருஷம். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஊசி போடலாம் என்று அப்பாவிடம் சொல்ல அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. அவரிடம் எதையும் நேராகக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. சொன்னபோது அப்பா உடனே சரி என்றார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

மருந்து வாங்கப் பட்டணத்துக்குப் போகவேண்டியிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், மருந்துக் குப்பியை ஒரு தகர டப்பாவில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, டப்பாவைச் சுற்றி உமி கொட்டிப் பையைக் கட்டிக் கொடுத்தார். "மூணு மணி நேரம் தாங்கும். நேரா வூட்டுக்குப் போயிடணும்" என்றார். அப்போது மணி ஒன்பது.

அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. எழும்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. பட்டணத்தில் தங்கி வேலை பார்க்கிற பேச்சே கூடாது என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். இன்டர்வியூ அன்றைக்குத்தான். அரை மணியில் முடியும் என்று நினைத்தாள். பத்து மணிக்கு உட்காரவைத்தவர்கள் இரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். உமிப் பை காலடியில் இருந்தது. பதினோரு மணிக்கு எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். பன்னிரண்டுக்கும் நினைத்தாள். ஒரு மணிக்குப் பையின் அடியில் ஈரம் கசிந்து நாற்காலிக் காலைச் சுற்றிக் கொஞ்சம் தேங்கியது. அவள் செருப்பால் அதை மறைத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு ஆகப்போகும் நேரம். "இன்னாம்மா இவ்ளோ நேரம்?" என்று அப்பா கேட்டார். "பூந்தமல்லில பஸ் நின்னு போச்சுப்பா" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் நாற்பத்தொரு கோழிகளையும் பிடித்துக் கூடைகளில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கடன் வாங்கிய ஊசி வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் டப்பாவைத் திறந்தாள். உள்ளே தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது. குப்பி அதில் மிதந்தது.

அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. உயிரோடு உள்ளே போனால்தான் கோழியின் உடம்பு அதோடு போராடப் பழகும். ஆனால் உயிருள்ள மருந்தும் செத்த மருந்தும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். மாத்திரை அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு, அவ்வளவுதான். ஒருவேளை கொஞ்சம் பிழைத்திருக்கலாம் என்று நினைத்தாள். "மருந்து கலக்கிட்டியா?" என்று அப்பா குரல் கொடுத்தார். கலக்கினாள். ஒவ்வொன்றுக்கும் இறக்கைக்கு அடியில் போட்டாள். எத்தனை நாளில் பலிக்கும் என்று அப்பா கேட்டார். "ஏழு நாள்" என்றாள்.

உயிருள்ள மருந்து என்றால் இரண்டு நாளைக்குக் கோழிகள் சோர்ந்து நிற்கும், இரை குறையும். ஒன்றுகூடச் சோரவில்லை. "பாத்தியா, என் பொண்ணு கை. ஒண்ணாவது தலை சாய்ச்சுதா?" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அம்மா, "உன்னைக் கட்டிக்கப் போறவன் நகை கேக்க மாட்டான். ஊசி இருக்கான்னு கேப்பான்" என்று சிரித்தாள். அப்பா கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு போட்டார். ஏழாவது கோடு போட்ட அன்று சுண்ணாம்பு வாளியைக் கழுவி, பசுவுக்குக் கழுநீர் வைக்க எடுத்துக்கொண்டார். "இனிமே நீ இங்கயே இரு. நமக்கு வூட்லயே டாக்டரு" என்றார்.

எட்டாம் நாள் தபால்காரர் ரோட்டிலேயே அவளைப் பார்த்துக் கடிதத்தைக் கொடுத்தார். வேலை கிடைத்திருந்தது. பதினேழாம் தேதி சேரவேண்டும். பெண்கள் விடுதியில் இடமும் இருந்தது. அதைப் பழைய ரெக்கார்டு நோட்டில், தவளைப் படத்துக்கும் கரப்பான் படத்துக்கும் நடுவில் வைத்தாள். வேலையைப் பற்றிச் சொன்னால், எப்போது போனாய் என்று கேட்பார்கள். எப்போது என்று சொன்னால் ஐஸைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐஸைப் பற்றிச் சொன்னால் ஏன் உருகியது என்று கேட்பார்கள். எங்கே தொடங்கினாலும் அதே இடத்துக்கு வந்து நின்றது. இப்போது தேதி பத்து.

அன்று காலை எட்டு மணிக்கு வளர்புரத்திலிருந்து சந்திரம்மாள் வந்தாள். தலையில் மூடிய கூடை. புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவள். அம்மா அவளுக்குப் பெட்டைக் கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, கொடுப்பாள். அவள் வளர்ப்பாள், பொரிக்கிற குஞ்சில் பாதி திரும்பி வரும்.

"இன்னாண்ணே, படல் தொறந்து கீது?" என்று வெளியிலேயே நின்றாள். "சுண்ணாம்பு பக்கெட்டு எங்க? கால வெக்கலாமா, வாணாமா?"

"வா, வா. அதெல்லாம் போன வருஷம்" என்றார் அப்பா. "இப்ப வூட்ல டாக்டரு கீறாங்க."

"அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். எங்க தெருவுல எட்டு வூட்ல கோழி பூடுச்சு. எதுத்த வூட்டுக்காரி நேத்து குழி தோண்டிப் பொதைச்சா. எனுக்கு மிச்சம் இந்த நாலுதான். எல்லாம் உன் வூட்டு ரத்தம்தாண்ணே. கொஞ்ச நாளு இங்க வெச்சிக்கோ. ஊசி போட்ட கோழிங்க கூட இருந்தா இதுங்களுக்கும் ஒண்ணும் ஆவாதாமே."

"ஊசி அப்படி ஒட்டாது அத்தை" என்றாள் கிளாரா. அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒட்டலன்னா போவுது" என்றார் அப்பா. "இதுங்களால நம்மளுதுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல? வாரத்துக்குக் குடுத்தது. வாசல்ல நிக்க வெச்சா நல்லா இருக்குமா?"

"தனியா வைக்கலாம்ப்பா. மாட்டுக் கொட்டாயில."

"மாட்டுக் கொட்டாயில நம்ம கோழிங்கதான் பாதி நேரம் மேயுது."

"ஊசி பிடிக்கப் பதினாலு நாள் ஆகணும்."

அப்பா சிரித்தார். "ஏழு நாளுன்னு நீதானே சொன்ன. சுவத்தைப் பாரு. ஒம்போது கோடு போட்டுட்டேன்." பிறகு சந்திரம்மாளிடம், "படிச்சவங்க இப்படித்தான். ஒண்ணுக்கு ரெண்டா பயப்படுவாங்க" என்றார்.

"எங்க தெருவுலயும் ஒருத்தி படிச்சிருந்தா நாங்களும் பயந்துகினு இருப்போம்" என்றாள் சந்திரம்மாள். படலைத் தாண்டி உள்ளே வந்து கூடையை இறக்கினாள்.

கிளாரா குனிந்து கூடைச் சந்து வழியாகப் பார்த்தாள். மூன்று கோழிகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி, நேராகி, மறுபடி திரும்பியது. அடியில் போட்டிருந்த வைக்கோலில் பச்சையும் வெள்ளையுமாக ஈரம். முந்தாம் வருஷத்து வாடை அப்படியே மூக்கில் ஏறியது. அந்த வருஷம் குழி தோண்டியது லீவில் வந்திருந்த அவளும் அம்மாவும்தான். கடைசியில் மண் போதாமல் ஏரியிலிருந்து கூடையில் அள்ளி வந்தார்கள்.

கூடையைக் கண்டால் இரை என்று கோழிகளுக்குப் பழக்கம். களத்திலிருந்து ஓடிவந்தன. கீரிச் சேவல் முன்னால் வந்து, தலையைச் சாய்த்துக் கூடையைப் பார்த்தது. அப்பா குந்தி உட்கார்ந்து மூடியின் கயிற்று முடிச்சில் விரலை வைத்தார்.

கிளாரா சேவலைக் காலால் தள்ளினாள். அந்த வீட்டில் யாரும் அதை அப்படித் தள்ளியதில்லை. கூடையைத் தூக்கினாள். படலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து படலை இழுத்துச் சாத்தினாள்.

"இன்னா பண்ற?" அப்பா எழுந்தார். "வூடு தேடி வந்தவங்க பொருளை..."

"தொறக்காதீங்கப்பா. நான் போட்டது செத்த மருந்து."

ஆட்டுப் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"ஐஸ் எல்லாம் தண்ணியாயிடுச்சு. டப்பாவைத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். இதுங்க ஒண்ணுக்குக்கூடப் பாதுகாப்பு இல்ல."

அப்பா சுவரைப் பார்த்தார். ஒன்பது கோடுகள். கடைசியாகப் போட்டது மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. கயிற்றைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்தார். பிறகு துடைத்திருக்கக் கூடாது என்பதுபோல வேட்டியைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"சுண்ணாம்பு கரை" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு இவளிடம், மெதுவாக, "பஸ்ஸு நின்னு போச்சே, அதனாலதானே? வெயில்ல ஐஸு தாங்குமா. நீ இன்னா பண்ணுவ" என்றார்.

"அதானே" என்றாள் சந்திரம்மாள். அவள் இன்னும் உள்ளேதான் நின்றிருந்தாள். "பஸ்ஸு நின்னா பொண்ணு எறங்கித் தள்ளுமா? அது மேல இன்னா தப்பு."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா. "பயந்திருக்கும்."

மூன்று பேருமாகச் சேர்ந்து அவளை மன்னித்து முடித்துவிட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். படலோரம் வாளி திரும்ப வரும். கோழிகள் பிழைத்தாலும் பிழைக்கும். அடுத்த வாரம் அப்பாவே கூட வந்து பட்டணத்தில் மருந்து வாங்கித் தருவார். தவளைக்கும் கரப்பானுக்கும் நடுவில் அந்தத் தாள் இருக்கும். பதினேழாம் தேதி வந்துவிட்டுப் போகும். அவள் இந்த வேலிக்குள்ளேயே நல்ல பெண்ணாக இருப்பாள்.

முதுகுக்குப் பின்னால் மூங்கில் குத்தியது. அவள் இன்னும் படலில் சாய்ந்துகொண்டுதான் நின்றாள்.

"பஸ் நிக்கலப்பா" என்றாள். "நான் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன்."