கேரிட்டி மேட்டில் கிடப்பவர்

எங்கள் குடும்பத்தின் பெருமை பீலிம் கேரிட்டி. அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, நெப்ராஸ்காவின் புல்வெளியில் மண்கட்டிகளால் வீடு கட்டினார். வெட்டுக்கிளிகள் விளைச்சலைத் தின்ற 1874இல் அவற்றோடு போராடி உயிர்விட்டார். வெட்டுக்கிளியோடு ஒருவர் எப்படிப் போராடுவார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்பவர்களுக்கு விஸ்கி கிடைக்காது.

ஒவ்வொரு மே மாதமும் கடைசித் திங்களன்று குடும்பமே எங்கள் நிலத்து மேட்டில் ஏறி அவர் கல்லறையில் விஸ்கி ஊற்றும். அவருக்கு ஒரு வாய். மிச்சம் எங்களுக்கு.

எம்மெட் பெரியப்பாவுக்கு டாக்டர் இலையுதிர்காலம் வரை தவணை கொடுத்திருந்தார். பெரியப்பாவுக்கு ஒரே ஆசை: பீலிமுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். இல்லையென்றால் ஊர்க் கல்லறை. அங்கே அவருக்கு ஒதுக்கிய இடம், முன்பே போய்ப் படுத்துவிட்ட மச்சான் டெஸ்மண்டுக்குப் பக்கத்தில். இருவரும் பாதி ஆயுள் பேசிக்கொள்ளவில்லை.

“அங்க போய் அவன் பேச ஆரம்பிச்சுட்டா என்னம்மா பண்றது, நோரீன்?” என்றார்.

சொந்த நிலத்தில் புதைக்க வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே ஒரு மனிதராவது புதைந்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து விதி அது. அதை உறுதி செய்பவர் பக்கத்துப் பண்ணை ஆர்விட் லிண்ட்க்விஸ்ட். இங்கே ஆள் குறைவு. கல்லறை அதிகாரி, சாலையில் பனி தள்ளுபவர், லூதரன் சபையின் பொருளாளர் எல்லாம் அவர்தான். பொய் சொல்லாதவர். அதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

பீலிமைப் பற்றிச் சான்று தேடும் வேலை எனக்கு வந்தது. குடும்பத்தில் நான் படித்தவள். அதாவது, கம்ப்யூட்டர் வைத்திருப்பவள். குழாயில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். சில வாரங்களில், மரபணு பொருந்துகிறது என்று மொன்டானாவிலிருந்து லொரெட்டா என்றொரு பெண்மணி அழைத்தார்.

“உங்க பீலிம் அயர்லாந்துல ராஸ்காமன் ஊர்க்காரரா? இடது காது பாதிதான் இருக்குமா?”

“ஆமாங்க. குதிரை கடிச்சது.”

“எங்ககிட்ட கரடின்னு சொல்லியிருக்கார். என் கொள்ளுத்தாத்தா. இங்க பியூட் டவுன்ல சாராயக்கடை வச்சிருந்தார். ஆறு புள்ளைங்க. 1902ல போய்ச் சேர்ந்தார். கல்லறை இங்கதான் இருக்கு.”

ஆக, பீலிம் நெப்ராஸ்காவில் இறந்து, மொன்டானாவில் உயிர்த்தெழுந்திருக்கிறார். நாங்கள் கத்தோலிக்கர்கள். உயிர்த்தெழுவது எங்களுக்குப் புதிதல்ல. அதற்குப் பிறகு சாராயக்கடை வைப்பதுதான் புதிது.

பெரியப்பாவிடம் சொன்னேன். ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தார்.

“அப்போ அங்க கிடக்கிறது யாரு?”

விஷயம் தெரிந்ததும், தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று மறுநாள் காலை ஆர்விட் மண்வெட்டியோடு வந்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். இடுப்பளவு தோண்டியதும் குனிந்து எதையோ இழுத்தார்.

“எம்மெட், உங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கொம்பு இருந்துச்சா?”

“கோவம் வந்தா இருக்கும்னு சொல்லுவாங்க.”

ஆர்விட் ஒரு விலா எலும்பைத் துடைத்துப் பார்த்தார். “உழவு மாடு. கத்தி பட்ட கீறல் இருக்கு. கறியை எடுத்துட்டுத்தான் புதைச்சிருக்காங்க.”

பீலிமின் மனைவி ஹனோராவை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போனவனின் மனைவி, அவன் பேரில் அரசு கொடுத்த நிலத்தைக் கேட்டுப் போனால் நில அலுவலகத்தில் ஆயிரம் கேள்வி. விதவைக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த வருஷம் புருஷன் ஓடிப்போனான், மாடு செத்தது. ஹனோரா கணக்கை நேர் செய்துவிட்டாள். முதலில் பிள்ளைகளோடு சாப்பிட்டாள். பிறகு அழுதாள்.

பெரியப்பா புல்லில் உட்கார்ந்தார். “ஆயுசு முழுக்க ஒரு மாட்டுக்கிட்ட வந்து பாவத்தையெல்லாம் சொல்லியிருக்கேன்.”

“அது யார்கிட்டயும் சொல்லலையே பெரியப்பா.”

“ஆமா. நம்ம பாதிரியாரை விட அது தேவலாம்.”

ஆர்விட் குழியிலிருந்து ஏறினார். “மன்னிச்சுக்க, எம்மெட். மாட்டை ஆளுன்னு எழுத முடியாது. டெஸ்மண்ட் பக்கத்துலதான்.”

பெரியப்பாவுக்கு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. “அங்க வேண்டாம்யா” என்றார், மெதுவாக.

அந்தக் காலத்தில் நிலம் கைக்கு வர அக்கம்பக்கத்தார் இருவர் சத்தியம் செய்ய வேண்டும். எனக்கு அது நினைவு வந்தது.

“ஹனோராவுக்காக யாருங்க சத்தியம் பண்ணது?” என்று ஆர்விடிடம் கேட்டேன்.

ஆர்விட் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். லிண்ட்க்விஸ்ட் வீட்டில் கிறிஸ்துமஸ் தோறும் சொல்லும் கதை அது. எங்களுக்கும் மனப்பாடம். அவருடைய கொள்ளுத்தாத்தா நில்ஸ், வேற்றுச் சபைக்காரன் என்றும் பாராமல், அந்த ஐரிஷ்காரனைத் தன் கையாலேயே குழியில் இறக்கினார்.

“எங்க கொள்ளுத்தாத்தா பைபிள்ல கை வச்சு சொல்லியிருக்கார்” என்றார் ஆர்விட்.

“லூதரன் பைபிளா?” பெரியப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. “ஒரு தொடையாவது உங்க வீட்டுக்கு வந்திருக்கும்யா. சும்மாவா சத்தியம் பண்ணுவாரு?”

ஆர்விட் கொம்பை எடுத்தார். குழிக்குள் போட்டார். மண்ணைத் தள்ளி மூடினார். மேலே ஏறி நின்று மிதித்தார்.

“பெரிய உடம்பு” என்றார். “வயசு வந்த ஆம்பள. எழுதிக்கறேன்.”

அக்டோபரில் பெரியப்பா மேட்டுக்குப் போனார். குழி வெட்டியவரும் ஆர்விட்தான்.

அடுத்த மே மாதம் லொரெட்டா பியூட்டிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தார். அங்கே கிடப்பது யார் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். மூடியைத் திறந்து முதலில் மாட்டுக்கு ஊற்றினார்.

“இதுவாவது ஓடிப்போகலையே” என்றார்.

பக்கத்தில் ஆர்விட், எதுவும் காதில் விழாதவர்போல, காபியைக் குடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே தள்ளுவதற்குப் பனி எதுவும் இல்லாதபோதும்.