போர்வைக்குள் ஒரு குரல்

"வைசாக் பிளாண்டுக்குக் குடும்பத்தோட வருவீங்களாம்மா, தனியாவா?" என்று திரையில் நடேசன் கேட்டு வாய் மூடவில்லை, இரவல் லேப்டாப் ஊளையிடத் தொடங்கியது. இன்டர்வியூவுக்குத் தமிழ் பேசும் அதிகாரி வாய்த்ததே ஜெஸ்ஸிக்கு அதிர்ஷ்டம். பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் ஷிப்டு ஷிப்டாக மூக்கெரிய நின்றவள். இந்த லேப் வேலை கிடைத்தால் சனத்நகரின் இந்த இரண்டு அறைகளையும், அதற்குள் இருப்பவர்களையும் விட்டுத் தொலையலாம்.

"மைக்கைப் பாருங்க. ரெண்டு நிமிஷம் தர்றேன்," என்றார்.

சத்தத்தைக் குறைத்தாள். நிற்கவில்லை. இயர்போனைச் செருகினாள். அப்போதும் நிற்கவில்லை. காதிலிருந்து உருவிவிட்டுக் கவனித்தாள். லேப்டாப் ஊமையாக இருந்தது. ஊளை உள்ளறையிலிருந்து வந்தது.

"எதுக்குடி இப்பிடிக் கத்துது, நாய் வாலை மிதிச்சாப்ல?" என்றாள் அடுப்படியிலிருந்து மாமியார் எலிசபெத்.

திரையோரத்துப் பெயர்களைப் பார்த்தாள். ஜெஸ்ஸி. அதன் கீழே இன்னொரு ஜெஸ்ஸி. புருஷன் கிரிக்குக் கொடுத்த அவளுடைய பழைய போன்; அவள் மெயில் இன்னும் அதில் கிடக்கிறது, அதற்கு வந்த இன்டர்வியூ லிங்க்கைத் தட்டி அவள் பேரிலேயே உள்ளே நுழைந்திருக்கிறான். காய்ச்சல் என்று லேத் வேலைக்கு மட்டம் போட்டவன். "நல்லா பேசுடி, நான் குறுக்கே வரமாட்டேன்," என்று காலையில் சொன்ன வாய்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கிட்டே போகப் போக ஊளை தடித்தது. கட்டிலருகே காதைக் கிழித்தது. இயந்திர எண்ணெயும் வேர்வையும் நாறும் போர்வைக்குள், குளியலறைக் கதவில் ஓட்டை தேடுகிறவன் மாதிரி சுருண்டு கிடந்தான். அவள் பதில் காதில் சரியாக விழவேண்டுமென்று போனில் சத்தத்தைக் கூட்டியிருக்கிறான்.

போர்வை அசைந்தது. உள்ளே விரல் தடவித் தடவிச் சத்தத்தைக் குறைத்தது. ஊளை அடங்கியது. கூடவே ஒரு குறட்டையும் கிளம்பியது.

"கட்டுன புருஷன்தானேடி கேக்குறான், ஊரானா கேக்குறான்?" என்றாள் எலிசபெத், கரண்டியோடு கதவருகே வந்து.

அப்போ இவளுக்கும் தெரியும்.

ஜெஸ்ஸி ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்தாள். "இப்ப சரியாயிடுச்சும்மா, சொல்லுங்க," என்றார் நடேசன், எதுவும் காதில் விழாதவர் போல.

அவள் நகரவில்லை. போர்வைக்கு நேராகக் குனிந்தாள்.

"தனியாத்தான் வருவேன் சார்."

ஒரு மூச்சு கழித்துப் போர்வைக்குள் போனிலிருந்து, மெலிந்து நசுங்கி, அவள் குரலே அதைத் திரும்பச் சொன்னது. குறட்டை நின்றிருந்தது.